முழங்கை பற்றி ஒரு புகார்

நாமக்கல்
12.6.2024

அஃபீபா அம்மணிக்கு,

சின்னண்ணன் எழுதுவது. யாரென்று யோசிக்க வேண்டாம். முந்தாநாள் உங்கள் பிசியோதெரபி நிலையத்தில் கத்திவிட்டு, நீங்கள் கொடுத்த உடற்பயிற்சித் தாளைக் கசக்கி மேஜைமேல் எறிந்துவிட்டுப் போன ஆள். போனில் பேசலாம் என்றால், முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண் என் நம்பரைப் பார்த்தாலே எடுப்பதில்லை. ‘குறைகளை எழுத்து மூலம் தெரிவிக்கவும்’ என்று உங்கள் சுவரில் எழுதி வைத்திருக்கிறீர்கள். சரி, எழுதுகிறேன்.

முதல் குறை, படுக்கை விரிப்பு. எனக்கு முன்னால் படுத்தவரின் தலை எண்ணெய் அதில் வட்டமாகப் படிந்திருந்தது. வட்டத்தின் நடுவில் ஒரு நரைமுடி. அதன்மேல் என்னைப் படுக்கச் சொன்னீர்கள். நான் லாரிக்கு பாடி கட்டுகிறவன், கிரீஸிலும் பெயிண்டிலும் புரளுகிற தொழில். ஆனால் அது இரும்பின் அழுக்கு. கழுவினால் போய்விடும். மனுசன் விட்டுப்போகிற அழுக்கைக் கண்டால் எனக்குக் குமட்டும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

இரண்டாவது குறை, நீங்கள். கோபப்படாமல் படியுங்கள். மாசியில் பாதி கட்டிய லாரியின் மேலிருந்து விழுந்து வலது முழங்கை நழுவியது. ஆஸ்பத்திரியில் மூட்டை ஏற்றி மாவுக்கட்டு போட்டார்கள். கட்டைப் பிரித்த அன்று உள்ளே இருந்தது என் கையாகவே தெரியவில்லை. தோல் செதில் செதிலாக உரிந்தது. வந்த நாற்றத்தில் நானே முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கை பாதி மடங்கிய நிலையில் அப்படியே நின்றுவிட்டது. இந்தக் கடிதத்தை எழுத முடிகிறது. சோற்றை வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. கரண்டி பிடித்துப் பார்த்தேன், அதுவும் எட்டவில்லை. இடது கையால் சாப்பிடச் சொல்கிறார்கள். அந்தக் கை எதற்கு இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அதால் சோறு தின்பதைவிடப் பட்டினி கிடக்கலாம். அதனால் என் சம்சாரம் அத்தாயி மூன்று வேளையும் பிசைந்து ஊட்டுகிறாள். ஐம்பத்து நாலு வயதில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ரசம் தாடையில் வழிகிறது. இதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது?

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. என் சோற்றை நானே அள்ளி என் வாயில் போட வேண்டும். இதற்காகத்தான் நாமக்கல்லை விட்டு சூரமங்கலம் வரை வந்தேன். உள்ளூரில் போனால் தொழில்காரர்கள் பார்த்துவிடுவார்கள்.

நீங்கள் என்ன செய்தீர்கள்? பாதி நேரம் கேள்வி கேட்டீர்கள். பிறகு ‘தொடலாமா’ என்று அனுமதி கேட்டீர்கள். வைத்தியத்துக்கு வந்தவனிடம் இது என்ன கேள்வி? அப்புறம் மாம்பழம் பழுத்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல அங்கே இங்கே அமுக்கினீர்கள். லேசாக இழுத்துப் பிடித்தீர்கள், விட்டீர்கள். ஒரு சத்தம் வரவில்லை. கடைசியில் ஒரு தாளைக் கொடுத்து, வீட்டில் நீங்களே செய்யுங்கள் என்றீர்கள். எங்கள் பட்டறையில் லாரிக் கதவின் கீல் இறுகிவிட்டால் ஆள் வைத்துப் பிடித்து, சம்மட்டியால் ஒரு போடு போட்டு அசைப்போம். நீங்கள் கீலைத் தடவிக்கொடுத்துவிட்டு, தினமும் நீயே அசைந்துகொள் என்கிறீர்கள்.

பதில் எழுதுவதானால் எழுதுங்கள்.

சின்னண்ணன்


சூரமங்கலம், சேலம்
17.6.2024

ஐயா,

உங்கள் கடிதத்தை முன்மேஜைப் பெண் செத்த பல்லியைத் தூக்குவதுபோல நுனியில் பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தாள். முழுக்கப் படித்தேன்.

விரிப்பு விஷயத்தில் நீங்கள் சொன்னது அத்தனையும் சரி. அதை உருவிக்கொண்டு போய் நிலையத்தின் உரிமையாளரிடம் காட்டினேன். “வர்ற ஒவ்வொருத்தருக்கும் துவைச்சுப் போட்டா கட்டுப்படியாகுமாம்மா?” என்றார். நோயாளிக்கு மெஷினை மாட்டிவிட்டு, ஒருவரும் கிட்டே போகாமல் விட்டுவிடுங்கள் என்று சொல்கிறவரும் அவர்தான். அன்றைக்கு எனக்கும் குமட்டியது.

உங்களுக்கு மட்டும்தான் அருவருப்பு உண்டு என்று நினைக்காதீர்கள். காலையிலிருந்து இருட்டும்வரை பிறருடைய வேர்வை, தைலம், ஆறாத புண், கழுவாத கால். பழகிவிடும் என்று கல்லூரியில் சொன்னார்கள். பழகவில்லை. அதற்காக நான் கையை இழுத்துக்கொள்வதில்லை.

இனி என்னைப் பற்றி. முதல் நாள் பாதி நேரம் கேள்வி கேட்டால் அந்த இடத்தில் நம்பி உட்காருங்கள். எப்படி விழுந்தீர்கள், கட்டு எத்தனை நாள் இருந்தது, எந்த விரல் மரத்துப்போகிறது என்று தெரியாமல் கையை வைக்கிறவர்தான் ஆபத்தானவர். தொடலாமா என்று கேட்டது மரியாதைக்காக மட்டுமல்ல. பயந்து இறுகிய கையைத் தளர்த்த முடியாது. சம்மதம் சொன்ன கை கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். போதும் என்று நீங்கள் சொன்னால் அந்த நொடியே நான் நிறுத்த வேண்டும். அதுவும் சிகிச்சைதான்.

ஒரு சத்தம் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். விரலில் சொடக்கு எடுத்தால் வருகிற சத்தம்தான் அது. மூட்டுக்குள் இருக்கும் நீரில் ஒரு குமிழி. அதற்கும் குணமாவதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வலியும் அப்படித்தான். நான் இழுத்துப் பிடிக்கும்போது வலிக்கும், ஆனால் அது அன்றைக்கே அடங்கிவிட வேண்டும். மறுநாள் காலையில் வீங்கியிருந்தால் நான் அதிகம் செய்துவிட்டேன் என்று அர்த்தம், என்னைத் திட்டலாம். என் கை செய்வது பூட்டைக் கொஞ்சம் தளர்த்துவது. அப்படிக் கிடைத்த அசைவை வீட்டில் நாளெல்லாம் நீங்கள் பயன்படுத்தாவிட்டால் அது மறுபடி பூட்டிக்கொள்ளும். தாள் கொடுத்தது அதற்கு.

கடைசியாக ஒன்று. முழங்கை கீல் இல்லை. கீலுக்கு ரத்தம் கட்டாது. அடிபட்ட மற்ற மூட்டுகளைவிட முழங்கைக்கு ரோஷம் அதிகம். முரட்டுத்தனமாகத் தேய்த்தாலோ இழுத்தாலோ உள்ளே தசை கிழிந்து, அந்தத் தசைக்குள்ளேயே எலும்பு வளர ஆரம்பிக்கும். நான் மெதுவாகத் தொட்டது தைரியம் இல்லாமல் அல்ல.

வேறு தாள் இணைத்திருக்கிறேன். வருவதானால் வாருங்கள். விரிப்பு நான் வீட்டிலிருந்து கொண்டுவருகிறேன்.

அஃபீபா


நாமக்கல்
2.7.2024

அம்மணி,

நன்றாக எழுதுகிறீர்கள். ஆனால் எழுத்தால் கை மடங்காது. எனக்கு வேறு வழி கிடைத்துவிட்டது.

லாரி டிரைவர்கள் எல்லோரும் சொல்கிற ஆள், தங்கசாமி என்று பெயர். கோழிப்பண்ணைகளுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை. முதல் தடவை போனபோது எண்ணெய் போட்டு நன்றாக அழுத்தித் தேய்த்தார். பிறகு முட்டை வெள்ளைக்கருவில் உளுந்து மாவைக் குழைத்து, துணியில் தடவி இறுக்கிக் கட்டினார். இந்த வெயிலில் அது இரண்டு நாளில் என்ன ஆகும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். நாமக்கல்காரனுக்கு முட்டை நாற்றம் புதிதில்லை. ஆனால் என் கையிலிருந்தே அது கிளம்பியபோது படுத்துத் தூங்க முடியவில்லை. ஈ மொய்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். வைத்தியம் என்றால் கொஞ்சம் அசிங்கம் இருக்கத்தான் செய்யும்.

இரண்டாம் தடவை கட்டைப் பிரித்ததும் இரண்டு பேர் என் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். தங்கசாமி மணிக்கட்டைப் பிடித்து ஒரே மடக்கு. மடக்கென்று சத்தம். கொட்டகைக்கு வெளியே நின்றவர்களுக்கே கேட்டிருக்கிறது. “வந்துருச்சுங்க” என்று அங்கிருந்து குரல் கொடுத்தார்கள். ஒரு நொடி என் விரல் என் தாடையைத் தொட்டது, அம்மணி. மாசிக்குப் பிறகு முதல் தடவை.

அப்புறம் வாந்தி எடுத்தேன். அது உள்ளே இருக்கிற கெட்டது வெளியேறுவதாம். இப்போது கை வீங்கிச் சூடாக இருக்கிறது. “வேலை செய்யுதுங்க, அதானுங்க சூடு” என்கிறார். சனிக்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்.

நீங்கள் தொடலாமா என்று கேட்டுக்கொண்டிருங்கள்.

சின்னண்ணன்


சூரமங்கலம்
4.7.2024

ஐயா,

போன் செய்தேன், நீங்கள் எடுக்கவில்லை. உங்கள் பட்டறை நம்பருக்கும் செய்தேன். அங்கே யாரோ “அவுரு தூங்கறாருங்க” என்றார். அதனால் கூரியரில் அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை கிடைத்துவிடும்.

சனிக்கிழமை போகாதீர்கள். வேறு எதையும் படிக்காவிட்டாலும் இந்த வரியைப் படியுங்கள். சூடு வேலை செய்வதில்லை. உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறது. கையில் யாரும் எண்ணெய் போடக் கூடாது, அமுக்கக் கூடாது, இழுக்கக் கூடாது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்திருந்தால் உடனே எலும்பு டாக்டரிடம் போங்கள். மரக்காவிட்டாலும் போங்கள், ஒரு எக்ஸ்ரே எடுங்கள்.

ஒரு மனிதர் வாந்தி எடுக்கும்வரை அவரை வலிக்க வைத்துவிட்டு, அந்த வாந்திக்கும் ஒரு விளக்கம் வைத்திருக்கிற வாயை நினைத்தால் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. நீங்கள் அதைப் பெருமையாக எழுதியிருப்பது அதைவிட.

அஃபீபா


நாமக்கல்
19.8.2024

அம்மணி,

இது இடது கை எழுத்து. கோணலாக இருக்கும். வலது கை மேஜைக்கு வரவில்லை. நீட்டவும் வராது. மடக்கவும் வராது.

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமையே வந்தது. படித்தேன். சனிக்கிழமை போனேன். அதற்குப் பிறகும் போனேன். தாடையைத் தொட்டேனே, அந்த ஆசை.

முழங்கைக்கு முன்பக்கம் கல் மாதிரி இருக்கிறது. எக்ஸ்ரேயில் வெள்ளையாக ஒரு துண்டு. தசையில் எலும்பு. நீங்கள் எழுதியதையே டாக்டர் திட்டிச் சொன்னார்.

வருகிறேன். எவ்வளவு வேண்டுமானாலும் அழுத்துங்கள். கத்தமாட்டேன்.

எதற்கு வைத்திருக்கிற கையோ அதால் உங்களுக்கு எழுதுகிறேன். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் எழுதுகிறேன். தப்பாக நினைக்க வேண்டாம்.

சின்னண்ணன்


செவ்வாய்ப்பேட்டை, சேலம்
24.8.2024

ஐயா,

விலாசம் மாறியிருப்பதைப் பாருங்கள். அந்த நிலையத்திலிருந்து விலகிவிட்டேன். நான் வீட்டிலிருந்து விரிப்பு கொண்டுவந்து போட்டது நிலையத்தைக் கேவலப்படுத்துவதாக உரிமையாளருக்குத் தோன்றியது. இப்போது வீடுகளுக்குப் போய்ப் பார்க்கிறேன். அத்தா, அதாவது என் அப்பா, தம் மளிகைக்கடை மாடியில் ஓர் அறையையும் ஒழித்துக் கொடுத்திருக்கிறார்கள். கீழிருந்து மிளகாய் நெடி ஏறுகிறது. ஆனால் விரிப்பு சுத்தமாக இருக்கிறது.

உங்கள் கையை நான் அழுத்தமாட்டேன். இப்போதைக்குத் தொடவே மாட்டேன். கையால் வைத்தியம் செய்கிறவள் கையை எடுத்துக்கொள்வதுதான் இன்றைக்கு உங்களுக்கு வைத்தியம். கேட்கக் கடுப்பாக இருக்கும். எனக்கும் கடுப்பாகத்தான் இருக்கிறது, ஜூன் மாதத்தில் அந்தக் கை எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும்.

அந்த எலும்பு வளர்ந்து, முற்றி, அடங்க வேண்டும். அதற்கு மாதக்கணக்காகும். டாக்டர் கொடுக்கும் மாத்திரையை விடாதீர்கள், சொல்லும்போது எக்ஸ்ரே எடுங்கள். அதுவரை உங்கள் கையை நீங்கள் மட்டும், உங்கள் சொந்த பலத்தால் மட்டும் அசைக்கலாம். வலி தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னாலேயே நின்றுவிட வேண்டும். மறு கையால் தள்ளக் கூடாது. பாத்திரத்தைத் தொங்கவிட்டு இழுக்கக் கூடாது. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், நீங்கள் பட்டறைக்காரர், ஏதாவது ஒரு கருவி செய்துவிடுவீர்கள்.

வாய்வரை வருமா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்கப் பயந்திருப்பீர்கள். எனக்குத் தெரியாது. வரும் என்று சத்தியம் செய்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

தங்கசாமியின் கொட்டகைக்கு இன்னும் ஆட்கள் போய்க்கொண்டுதானே இருப்பார்கள்? உங்கள் டிரைவர்களிடம் அந்த எக்ஸ்ரேயைக் காட்டுங்கள். வெட்கப்படாமல் காட்டுங்கள்.

அஃபீபா


நாமக்கல்
20.11.2024

அம்மணி,

எழுத்தைப் பார்த்தீர்களா? வலது கை மேஜைக்கு வந்துவிட்டது. அதற்குமேல் ஒன்றும் சொல்வதற்கில்லை.

கருவி செய்தேன். நீங்கள் எழுதியதற்கு முன்பே செய்துவிட்டேன், ஒரு ஸ்பிரிங்கும் பட்டையும். உங்கள் கடிதம் கண்டபிறகு கழற்றிப் பழைய இரும்பில் போட்டேன். எக்ஸ்ரேயைப் பட்டறைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். டிரைவர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள், உச்சுக்கொட்டுகிறார்கள், பிறகு “உங்களுக்கு அவுரு கைராசி ஒத்து வரலீங்க” என்று சொல்லிவிட்டுத் தங்கசாமியிடமே போகிறார்கள். அதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது. போன வாரம் அப்படிப் போய்விட்டு ஒருவன் முட்டைக் கட்டோடு வந்து நின்றான். அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும் சாக்கடை ஓரம் ஓடினேன்.

காத்திருப்பது எனக்கு வராத வேலை. கூடவே வீட்டிலும் ஒரு எரிச்சல். அத்தாயி முன்போல ஊட்டுவதில்லை. பெரிய பெரிய உருண்டையாகத் திணிக்கிறாள். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு ஊட்டுகிறாள். வாய் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் ஊட்டினால் மூக்கில்தான் போகும். ஊட்டி முடித்ததும் குழாயடிக்குப் போய் வெகுநேரம் நிற்கிறாள். நான் என்ன வேண்டுமென்றா விழுந்தேன்?

சின்னண்ணன்


செவ்வாய்ப்பேட்டை
27.11.2024

ஐயா,

கை மேஜைக்கு வந்தது எனக்குச் சந்தோஷம். நீங்கள்தான் அதை ஒன்றுமில்லை என்கிறீர்கள். அடுத்த எக்ஸ்ரேயில் அந்த எலும்பு அடங்கிவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் நானே நாமக்கல் வருகிறேன்.

அத்தாயி அக்கா ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்று என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். அவரிடம் கேட்டீர்களா? நான் சம்பளத்துக்குத் தொடுகிறவள். பொழுது சாய்ந்தால் கையைக் கழுவிக்கொண்டு என் வீட்டுக்குப் போய்விடுவேன். அவர் எங்கே போவார்?

அஃபீபா


நாமக்கல்
16.3.2025

அம்மணி,

நீங்கள் இங்கே வந்து போன பிறகு எழுதும் முதல் கடிதம். எலும்பு அடங்கிவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகு மூன்று தடவை வந்தீர்கள். ஒவ்வொரு தடவையும் ‘தொடலாமா’ என்று கேட்டீர்கள், நானும் ஒவ்வொரு தடவையும் ‘தொடுங்கள்’ என்றேன். நீங்கள் கையை வைத்த இடத்தில் வலி வந்தது, சாயங்காலம் அடங்கியது. நீங்கள் முதல் கடிதத்தில் எழுதியது இதுதான் என்று அப்போதுதான் புரிந்தது. கை முழுசாக மடங்கவில்லை, இனிமேலும் முழுசாக மடங்காது என்று நீங்களும் டாக்டரும் சொல்லிவிட்டீர்கள். கேட்டுக்கொண்டேன்.

நவம்பரில் நீங்கள் கேட்கச் சொன்னதை நான் கேட்கவில்லை. பயம்தான். நேற்று மத்தியானம் கேட்டேன்.

நேற்று என்ன நடந்தது என்றால், சோற்றை அள்ளித் தூக்கியபோது விரல் வாய்க்கு நாலு விரற்கடை கீழே நின்றது. தலையைக் குனிந்து, வாயைக் கொண்டுபோய்க் கையில் வைத்தேன். பாதி கீழே கொட்டியது. மீசையெல்லாம் குழம்பு. ஆனால் உள்ளே போனது என் கையால் போனது. நிமிர்ந்து பார்த்தால் அத்தாயி அழுகிறாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்து, அந்தத் தெம்பில், இத்தனை நாள் ஏன் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாய் என்று கேட்டுவிட்டேன்.

“சொல்லியே ஆவோணுமுங்களா?” என்றாள்.

சொல்லச் சொன்னேன்.

“உங்க வாயில பட்ட வெரலுங்க. எச்சியும் சோறுமா. எனக்குங் கொமட்டுமுங்க, உங்குளுக்கு மட்டுந்தானா? எத்தன சோப்புப் போட்டாலும் வெரல்ல அந்த வாசம் போவுல. அந்தக் கையில நான் எப்புடிங்க சோறு திங்கறது? நீங்க படுத்ததுக்கப்பறம் டீயில வர்க்கியத் தொட்டுத் தின்னுட்டுப் படுத்துக்குவனுங்க.”

ஒரு வருசமாகவா என்றேன். ஆமாங்க என்றாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன்.

“என்னன்னு சொல்லறதுங்க? உங்க எடது கையில நீங்களே திங்கமாட்டன்னுட்டீங்க. அப்பறம் என் கையி மட்டும் எதுக்கிருக்குதுங்க?”

அம்மணி, எனக்குக் குமட்டும் குமட்டும் என்று உங்களுக்கு எத்தனை கடிதம் எழுதியிருக்கிறேன். விரிப்பில் கிடந்த ஒரு முடியைப் பற்றி எழுதினேன். வீட்டில் ஒருத்தி இளைத்துப்போனதை நான் பார்க்கவில்லை. சேலை இடுப்பில் நிற்கவில்லை என்று அவள் ஒரு நாள் சொன்னது நினைவு இருக்கிறது. வயதாகிறது என்று பதில் சொன்னேன். இப்போது அருவருப்பாக இருப்பது நான்தான். இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது, உங்களுக்கு எழுதிப் பழகிவிட்டது.

தட்டில் பாதிச் சோறு மிச்சம் இருந்தது. வலது கை களைத்து, அதற்குமேல் எழும்பவில்லை. அத்தாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பழக்கதோஷத்தில் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். நான் விடவில்லை. மீதியை இடது கையால் பிசைந்து தின்றேன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் எழுந்து போய்த் தனக்கு ஒரு தட்டு எடுத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்து, சோறு சூடாக இருக்கும்போதே போட்டுக்கொண்டாள்.

எனக்குக் குமட்டத்தான் செய்தது. தின்று முடித்தேன்.

சின்னண்ணன்